மன்னார்க் காற்றுப் பக்கம்: கிளவுட் நேட்டிவ் கருவிகளைக் கற்க முழுமையான வழிகாட்டி

2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைப் பக்கமாகக் கரையேறி, மன்னார் வளைகுடாவை நோக்கி நகர்ந்தது. அப்படியான இரவில் மன்னாரின் பேசாலை, தாழ்வுபாடு, வங்காலை எங்கும் காற்று நிலவரத்தைத்தான் தேடுவார்கள். வழமையாகச் சிலர் மட்டும் பார்க்கும் இணையப் பக்கத்தை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் திறப்பார்கள். பாரம் ஏறினால் பெருகவும், இறங்கினால் சுருங்கவும், ஒரு பகுதி விழுந்தால் தானே எழவும் மென்பொருளை அமைப்பதே கிளவுட் நேட்டிவ் முறை.

இதற்கான திறந்த மூலக் கருவிகள் ஏராளம். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொன்றும் எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது என்று கேளுங்கள். பயிற்சிக்கு ஒரு சிறிய காற்றுப் பக்கத்தைக் கட்டியபடியே கற்போம். அது பயிற்சிக்கு மட்டுமே. கடலுக்குப் போவோர் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலையே நம்ப வேண்டும்.

படி 1: எதை நம்பலாம் என்று அறியுங்கள்

லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் 2015 இல் தொடங்கிய சிஎன்சிஎஃப் (கிளவுட் நேட்டிவ் கம்பியூட்டிங் ஃபவுண்டேஷன்) அமைப்பு இக்கருவிகள் பலவற்றைப் பராமரிக்கிறது. அவற்றை சாண்ட்பொக்ஸ், இன்குபேட்டிங், கிராஜுவேட்டட் என மூன்று நிலைகளில் வைக்கிறது. புதியவர்கள் மூன்றாம் நிலைக் கருவிகளிலிருந்து தொடங்குவது நல்லது. அவை பெரிய நிறுவனங்களில் ஓடித் தேறியவை. பாடங்களும் உதவியும் எளிதில் கிடைக்கும்.

படி 2: கொள்கலனில் அடையுங்கள்

பக்கத்தின் நிரலையும் அதற்குத் தேவையான நூலகங்களையும் கொள்கலன் எனப்படும் ஒரே பொதியாக்குங்கள். 2013 இல் வந்த டொக்கர் இதை எளிதாக்கியது. இனி உங்கள் மடிக்கணினியில் ஓடுவது சேர்வரிலும் அப்படியே ஓடும்.

படி 3: குபர்நெட்டீஸிடம் ஒப்படையுங்கள்

கொள்கலன்களை ஓட்டி நிர்வகிக்கும் கருவியாக கூகுள் 2014 இல் திறந்துவிட்ட குபர்நெட்டீஸ்தான் இந்த உலகின் மையம். கட்டணம் கட்டி கிளவுட் கணக்குத் திறக்கத் தேவையில்லை. இரண்டு சிபியு, 2 ஜிபி வெற்று நினைவகம், 20 ஜிபி வட்டு இடம் இருந்தால் மினிகியூப் என்ற கருவி மூலம் குபர்நெட்டீஸை உங்கள் கணினியிலேயே ஓட்டலாம்.

"பக்கத்துக்கு மூன்று பிரதிகள் வேண்டும்" என்று யாமல் (YAML) என்ற அமைப்புக் கோப்பில் எழுதிக் கொடுங்கள். பிறகு ஒன்றை வேண்டுமென்றே அழியுங்கள். சில நொடிகளில் புதியது எழும். நீங்கள் விரும்பிய நிலையையும் இருக்கும் நிலையையும் குபர்நெட்டீஸ் ஓயாமல் ஒப்பிட்டு, குறையை நிரப்புகிறது. இந்த ஒரு தத்துவம் பிடிபட்டால் மற்றக் கருவிகள் பலவும் விளங்கும்.

படி 4: கண்காணியுங்கள்

2012 இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் பிறந்த புரோமிதியஸ், குறித்த இடைவெளிகளில் செயலியிடமிருந்து அளவீடுகளை எடுத்துச் சேமிக்கும். கிரஃபானா அவற்றை வரைபடமாக்கும். எத்தனை பேர் வந்தார்கள், பக்கம் எவ்வளவு தாமதித்தது என்ற இரண்டை மட்டும் முதலில் பாருங்கள்.

படி 5: மாற்றங்களை ஒழுங்காக்குங்கள்

யாமல் கோப்புகள் பெருகியபின் ஹெல்ம் அவற்றைப் பொதியாக்கும். ஆர்கோ அல்லது ஃப்ளக்ஸ், கிட் களஞ்சியத்தில் நீங்கள் செய்யும் மாற்றத்தைத் தானாகவே குபர்நெட்டீஸ் ஓடும் கணினிக் கொத்தணிக்குக் கொண்டுசேர்க்கும். இரண்டில் ஒன்று போதும்.

படி 6: நீங்களும் பங்களியுங்கள்

2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கை நிரலாளர்கள் தன்னார்வமாக எழுதிய சஹானா என்ற அனர்த்த முகாமை மென்பொருள், 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்திலும் உதவியது. மூலநிரல் திறந்திருந்ததால்தான் அது அவ்வளவு தூரம் போனது. ஆவணத்தில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துவதும், தெளிவாக ஒரு வழுவை அறிவிப்பதும் பங்களிப்பே. மன்னாரில் படிக்கும் மாணவிக்கும் இந்தக் கதவு திறந்தே இருக்கிறது. இந்த வாரம் இரண்டாம், மூன்றாம் படிகளை முடித்துவிட்டு உள்ளே வாருங்கள்.