காந்தப் பாதையில் பிறக்கும் ரெராஹேட்ஸ் கதிர்

வானொலி அலை, நுண்ணலை, வெப்பக்கதிர், கண்ணுக்குத் தெரியும் ஒளி யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். அவற்றின் வேறுபாடு அலைநீளத்தில்தான். நுண்ணலைக்கும் வெப்பக்கதிருக்கும் நடுவே இருப்பது ரெராஹேட்ஸ் கதிர். 1 ரெராஹேட்ஸ் என்றால் செக்கனுக்கு ஒரு இலட்சம் கோடி அதிர்வுகள், அலைநீளம் 0.3 மில்லிமீற்றர். இக்கதிர் துணியையும் கடதாசியையும் ஊடுருவும். தண்ணீர் இதை உறிஞ்சிவிடும்.

இதை வலுவாக உண்டாக்குவது ஏன் கடினம்? ரான்சிஸ்ரர் போன்ற கருவிகளின் வலு இந்த வேகத்தை நெருங்கும்போது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சாதாரண லேசர் அணுக்களின் சக்திப் படிகளிலிருந்து ஒளியைப் பெறுகிறது. இங்கு வேண்டிய படியோ மிகச் சிறியது. அறையின் வெப்பமே அதைக் கலைத்துவிடப் போதும்.

எனவே அணுவுக்குள் கட்டுண்டிராத இலத்திரனை நாடினார்கள். சுயாதீன இலத்திரன் லேசர் என்னும் இந்த வழியை 1971இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் மேடி முன்வைத்தார். 1977இல் அவருடைய குழு அகச்சிவப்புக் கதிரில் அதை இயக்கிக் காட்டியது.

இது இயங்கும் விதத்தைப் பார்ப்போம். வடமுனையும் தென்முனையும் மாறி மாறி வரும் காந்த வரிசைக்குள் வேகமான இலத்திரன்களை அனுப்பினால், அவை பாம்புபோல் நெளிந்து ஓடிக் கதிரை வெளிவிடும். அக்கதிரே அவற்றைச் சிறு சிறு கூட்டங்களாகச் சேர்க்கிறது. ஆளுக்கொரு நேரம் வடம் பிடித்தால் தேர் நகராது. எல்லோரும் ஒன்றாய் இழுத்தால் நகரும். அதுபோல, ஒரே தாளத்தில் நெளியும் இலத்திரன்களின் கதிர் பன்மடங்கு வலுப்பெறுகிறது.

ஒரு கணக்கும் செய்வோம். ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரிலுள்ள புட்கர் அணுப் பௌதிக நிலையத்தின் ரெராஹேட்ஸ் லேசர் 2003இல் இயங்கத் தொடங்கியது. அதன் காந்த வரிசையில் ஒரு நெளிவின் நீளம் 12 சென்ரிமீற்றர். இலத்திரனின் சக்தி சுமார் 12 மில்லியன் இலத்திரன்வோல்ற். அதாவது அதன் ஓய்வுநிலைச் சக்தியைப்போல் ஏறக்குறைய 24 மடங்கு. 24ஐ 24ஆல் பெருக்கி, அதை இரட்டித்தால் 1152. 12 சென்ரிமீற்றரை இதனால் வகுத்தால் சுமார் 0.1 மில்லிமீற்றர், அதாவது 3 ரெராஹேட்ஸ். காந்தத்தின் வலிமையைக் கூட்டினால் அலைநீளமும் கூடும்.

இனி வரவு செலவு. இலத்திரன்கள் கொண்டுவரும் சக்தியில் கதிராக மாறுவது 1 வீதம் அளவுதான். மிகுதி 99 வீதத்தையும் எறிந்துவிட்டால் நட்டம் பெரிது. எனவே வேலை முடித்த இலத்திரன்களை அதே ஆர்முடுக்கிக்குள் எதிர்க்கட்டத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். அங்கே அவை வேகம் குறைந்து தம் சக்தியை ஒப்படைக்கின்றன. அடுத்து வரும் இலத்திரன்கள் அதைப் பெற்றுக்கொள்கின்றன. ஈற்றில் எஞ்சுவது சுமார் 2 மில்லியன் இலத்திரன்வோல்ற் மட்டுமே. அந்தச் சக்தியோடு அவை மோதும் இடத்தில் கதிரியக்க ஆபத்தும் மிகக் குறைவு.

இந்த மீட்பு இருப்பதனால்தான் அந்த இயந்திரத்தால் இடைவிடாது இயங்கி, சராசரியாக 500 வாற் வரை ரெராஹேட்ஸ் கதிரைத் தர முடிந்தது.