தாத்தாவின் ரேடியோவில் ப்ளூடூத் வைக்கலாமா?

கேள்வி: எங்களுடையது சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பம். 1955இல் சைகோனிலிருந்து தாத்தா கொண்டுவந்த மரப்பெட்டி ரேடியோ பரணில் கிடக்கிறது. கண்ணாடியில் பாரீஸ், துலூஸ், லுக்சம்பூர் என்று ஊர்ப்பெயர்கள். உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு ப்ளூடூத் பொருத்தலாம் என்கிறான் மகன். செய்யலாமா?
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேண்டாம் அம்மா, எதையும் எடுக்க வேண்டாம். பிளக்கிலும் செருகிவிடாதீர்கள். ஊர்ப்பெயர்களைப் பார்த்தால் அது பிரெஞ்சு ரேடியோ. அந்நாளில் பிரான்சில் பல ஊர்களில் 110 வோல்ட்தான்; நமக்கு 230. பின்பக்கம் வோல்டேஜ் மாற்றும் கட்டை இருக்கும். அது 110இல் நின்றால் டிரான்ஸ்ஃபார்மர் கருகிவிடும்.

அந்தப் பெட்டியின் உருவமே உள்ளிருப்பதால் வந்தது. வால்வுகள் கொதிக்கும், அதனால்தான் அவ்வளவு இடம், முதுகில் துளைபோட்ட அட்டை. பெரிய ஸ்பீக்கர் என்பதால் முகத்தில் பாதி துணி. உள்ளே காலிசெய்தால் மிஞ்சுவது வெறும் மரக்கூடு.

எனக்கு உயிர் அந்தக் கண்ணாடிதான். அதில் பி.ஓ. என்றிருந்தால் மத்திய அலை, ஓ.சி. என்றால் சிற்றலை, ஜி.ஓ. என்றால் நெட்டலை. நெட்டலையில் நம் நாட்டில் நிலையமே கிடையாது. அந்தப் பக்கம் முள்ளைத் திருப்பினால் இரைச்சல்தான் வந்திருக்கும். தாத்தா பாட்டுக் கேட்டதெல்லாம் மற்ற இரண்டில்தான். ஊர்ப்பெயர்கள் கண்ணாடியின் உள்பக்கத்தில் பெயின்டால் அச்சிட்டவை. அங்கே ஈரத்துணி படவே கூடாது. ஒருமுறை என் கையாலேயே துடைத்ததில், பாதி ஐரோப்பா துணியோடு வந்துவிட்டது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

மகனின் ஆசைக்கும் வழியிருக்கிறது. முதுகில் பி.யு. என்று எழுதிய இரண்டு துளைகள் இருக்கிறதா, பாருங்கள். கிராமபோன் இணைக்க வைத்தவை. வால்வு ரேடியோ தெரிந்த மெக்கானிக்கிடம் பழைய கெப்பாசிட்டர்களை மாற்றச் சொல்லுங்கள். சேஸிஸில் மின்சாரம் பாய்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பாயாவிட்டால் ப்ளூடூத் கருவியை வெளியே வைத்து அந்தத் துளைகளில் இணைத்துக்கொள்ளலாம். ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம். உப்புக்காற்றில் மரத்தோல் பெயர்ந்திருந்தால் அதை மட்டும் தச்சரிடம் ஒட்டக் கொடுங்கள். பாலிஷ் போட விடாதீர்கள்.

முகப்பில் பச்சைக் கண் இருந்தால், ஸ்டேஷன் சரியாகப் பிடிக்கும்போது அதிலுள்ள கருநிழல் ஒடுங்கும். மங்கலாக எரிகிறதே என்று மாற்றிவிடாதீர்கள். எரிய எரியத்தான் அது மங்கும். தாத்தா அவ்வளவு நேரம் கேட்டிருக்கிறார்.