கட்டட பாக்கியும் கையொப்பமும்

"மேலிடத்துப் பணம் வந்ததும் தருகிறேன்." கட்டட வேலைக்குச் சிமிந்தியும் இரும்பும் அனுப்பிய நம் வணிகர் பலர் கேட்டுச் சலித்த பதில் இது. இவ்வகை வழக்குகளையே தொழிலாகக் கொண்ட வழக்கறிஞர்கள் நம்மிடம் முதலில் கேட்பது எழுத்து ஒப்பந்தத்தையே.

காரணம் உண்டு. மலேசியாவில் 2012இல் இயற்றப்பட்டு, 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பிலுள்ள கட்டுமானக் கொடுப்பனவுச் சட்டம், எழுத்திலுள்ள ஒப்பந்தங்களுக்கே பொருந்தும். எண்ணெய், எரிவாயு வேலைகளும் அதில் அடங்கும். மேற்சொன்ன நிபந்தனை அச்சட்டத்தின்முன் செல்லாது. பாக்கிக் கோரிக்கைக்கு 10 வேலை நாட்களுக்குள் பதில் வேண்டும். பணம் வராவிடில் நடுவரிடம் முறையிடலாம்.

வாய்ச்சொல்லை நம்பியவருக்கோ இவ்வழி அடைபடும். ஆதலின், லோரி புறப்படுமுன் கையொப்பம் பெறுவோமாக!