திரையில் தியாகிகள்: பார்ப்பது எப்படி?



மதத்துக்காக உயிர் கொடுத்தவர்களைப் பற்றிய படம் என்றால் நாம் எதிர்பார்ப்பது என்ன? கழுத்தில் கத்தி, கண்ணீர், நீண்ட வசனம். கதாநாயகர்கள் சாவதையே காட்டாமல் முடிகிற ஒரு படம் உண்டு. 2010-ல் வந்த பிரெஞ்சுப் படம். ஆங்கிலத்தில் 'ஆஃப் காட்ஸ் அண்டு மென்' என்று பெயர். இயக்கியவர் சேவியர் போவுவா.

நடந்த கதைதான். அல்ஜீரியா 1830 முதல் 1962 வரை பிரான்சின் பிடியில் இருந்த நாடு. 1991 டிசம்பர் தேர்தலில் இஸ்லாமியக் கட்சி முந்தியது. 1992 ஜனவரியில் ராணுவம் புகுந்து தேர்தலை நிறுத்தியது. உள்நாட்டுப் போர் மூண்டது. அட்லஸ் மலையில் திபிரின் என்ற ஊரில் பிரெஞ்சுத் துறவிகளின் மடம் ஒன்று. அவர்களில் லூக் என்ற முதியவர், முஸ்லிம் கிராமத்தாருக்கு வைத்தியம் பார்த்தவர். போய்விடுங்கள் என்று அரசு சொல்லியும் அவர்கள் போகவில்லை. 1996 மார்ச்சில் ஏழு பேர் கடத்தப்பட்டார்கள். மே மாதம் தலைகள் மட்டுமே கிடைத்தன.

படத்தில் பெரும்பகுதி போவதா, இருப்பதா என்ற தவிப்புதான். அவர்களும் பயப்படுகிறார்கள், வாக்குவாதம் செய்கிறார்கள். கடைசியில் பனியில் நடந்து மறைகிறார்கள். அவ்வளவுதான்.

விடுமுறையில் இதை வீட்டில் போட்டேன். அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை. கீழே ஓடிய ஆங்கில எழுத்தை நான்தான் தமிழில் சொன்னேன். முடிந்ததும் அப்பா கேட்டார்: "ஏம்ப்பா, யாரு கொன்னாங்கன்னு காட்டவே இல்லையே?"

முழித்தேன். பிறகு தேடிப் படித்தேன். ஓர் ஆயுதக் குழு "நாங்கள்தான்" என்றது. பின்னாளில் ராணுவத்தின் மீதும் சந்தேகம் எழுந்தது. 2006-ல் வந்த சட்டமோ, பாதுகாப்புப் படையினர் மீது வழக்கே போட முடியாதபடி செய்துவிட்டது. ஒரு நாடு மூடி வைத்த கேள்வியை அப்பா சாதாரணமாகக் கேட்டுவிட்டார்!

வரைபட வகுப்பில் கண்ணுக்குத் தெரியாத விளிம்பை நாம் விட்டுவிடுவதில்லை. விட்டு விட்டுக் கோடு போட்டு, 'இங்கே ஒன்று இருக்கிறது' என்று காட்டுகிறோம். இந்தப் படம் செய்ததும் அதுதான்.

இனி இப்படிப்பட்ட படங்களைப் பார்க்கும்போது மூன்று கேள்விகள் கேட்போம்.

1. கொலைப்பழி ஒரு மதத்தின் மீதே போடப்படுகிறதா? மடத்தின் தலைவர் கிறிஸ்தியான், தன்னைக் கொல்லப்போகிறவனை முன்கூட்டியே மன்னித்துக் கடிதம் எழுதி வைத்தார். அதற்காக அல்ஜீரிய மக்களைப் பழிக்க வேண்டாம் என்றார்.

2. பெயரில்லாமல் செத்தவர்கள் யார்? அந்தப் போரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாகக் கணக்கு. பெரும்பாலோர் முஸ்லிம்களே. படத்தில் துறவிகளுக்கு உள்ள முகம் அவர்களுக்கு இல்லை. இது குறைதான்.

3. பழைய கதை எவ்வளவு சொல்லப்படுகிறது? பிரான்சின் 132 ஆண்டு ஆட்சி இதில் ஓரிரு வசனத்தோடு சரி.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவது சுலபம். படிக்காத அப்பா கேட்டதைப் படிக்கிற நாம் கேட்காமல் இருக்கலாமா?

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்