மழைக்கு முன் சுவர் விரிசலை அடைப்போம்



வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன், வெயில் இருக்கும்போதே வீட்டின் வெளிச்சுவரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுவோம். பூச்சில் விழுந்த சிறு கீறல் வழியே இறங்கும் தண்ணீர் உள்சுவரில் ஓதம் ஏற்றும். கான்கிரீட் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். சுவிட்ச் பெட்டியை எட்டினால் உயிருக்கே ஆபத்து. வீண்விரயத்தைத் தடுக்கும் மார்க்கம் நம்முடையது. சிறிதாக இருக்கும்போதே சரிசெய்வதும் சிக்கனம்தான்.

முதலில் விரிசலைப் பிரித்தறிவோம். முடியளவு மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் பூச்சு காயும்போது சுருங்குவதால் வருபவை. இவற்றை நாமே அடைக்கலாம். 3 மி.மீ.க்கு மேல் அகன்றது, படிக்கட்டுப்போல் செங்கல் வரிசையில் ஏறுவது, உள்ளும் புறமும் தெரிவது, துருக்கறை வடிவது ஆகியவற்றைப் பொறியாளரிடம் காட்ட வேண்டும். சந்தேகம் இருந்தால் விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவோம். சில வாரங்களில் கோட்டைத் தாண்டினால் அது இன்னும் வளர்கிறது. மேலே பூசி மறைப்பதில் பயனில்லை.

அடைக்கும் முறை:

1. விரிசலை உளியால் சுமார் 5 மி.மீ. அகலத்துக்கு 'வி' வடிவில் கீறி விடுவோம். தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் பூச்சைப் பெயர்த்துவிட வேண்டும்.

2. தூசியைப் பிரஷால் துடைத்து, தண்ணீர் தெளித்து, ஈரம் மட்டும் இருக்க விடுவோம்.

3. வெளிச்சுவருக்கான கிராக் ஃபில்லரைக் கரணையால் உள்ளே அழுத்தி நிரப்புவோம். வெறும் சிமெண்ட் பால் பூசினால் சுருங்கி மீண்டும் வெடிக்கும்.

4. பூச்சு பெயர்ந்த இடத்தில் 1 பங்கு சிமெண்ட், 4 பங்கு சலித்த மணல் கலந்து பூசி, 7 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வோம்.

5. நன்கு காய்ந்த பின் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமரும் வெளிச்சுவர் பெயிண்டும் அடிப்போம்.

மாடிச் சுவரையும் மின்கம்பி அருகிலுள்ள சுவரையும் கொத்தனாரிடம் விட்டுவிடுவதே நல்லது.

திறந்த ஃபில்லர் டப்பா நாள்பட்டால் இறுகிவிடும். மீதியை வைத்திருக்காமல், பக்கத்து வீட்டில் தனியாக வாழும் முதியவர், விதவைச் சகோதரி ஆகியோரின் சுவரையும் பார்ப்போம். அண்டை வீட்டார் நம்மீது கொண்ட உரிமையில் இதுவும் ஒன்று. அல்லாஹ் நம் இல்லங்களைப் பாதுகாப்பானாக, ஆமீன்.