கீழக்குயில்குடிப் பக்கம் வரலாறு எடுக்கப் போகிறீர்களா?

டி.ஆர்.பி. எழுதி, கலந்தாய்வில் நாகமலைப் புதுக்கோட்டை வட்டாரத்தில் ஒரு பள்ளி கிடைத்து, சமூக அறிவியல் ஆசிரியராகப் போய்ச் சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதத்திலேயே ஏதாவது ஒரு பையன் எழுந்து கேட்பான்: “சார், எங்க ஊர்லதான் முதல்ல ரேகை வச்சாங்களாமே, எதுக்கு சார்?” பாடத்தில் இல்லை என்று அவனை உட்கார வைத்துவிடாதீர்கள். அந்த வகுப்பில் நீங்கள் எடுக்கக்கூடிய மிக நல்ல பாடம் அதுதான்.

முதலில் சட்டத்தைச் சொல்லுங்கள், சாதியைப் பிறகு சொல்லலாம். இந்த வரிசை மாறினால் பாடம் கெட்டுவிடும். 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப்பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தப்பட்டு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914இல் கீழக்குயில்குடியில் அமலான அது, சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் பிடித்துக்கொண்டது. கைரேகை எடுத்துப் பதிவு செய்தார்கள். ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். திருடியவனுக்குத் தண்டனை என்பதல்ல, பிறந்தவனுக்குக் கண்காணிப்பு என்பதுதான் இதன் சாரம்.

இதை விளக்க ஒரு ஸ்டாம்ப் பேடு போதும். உங்கள் கட்டைவிரலை மையில் ஒற்றி வெள்ளைத்தாளில் வைத்து, வகுப்பில் சுற்றுக்கு விடுங்கள். “இதைப் பார்த்து நான் என்ன தப்பு பண்ணினேன்னு சொல்லுங்க” என்று கேளுங்கள். “ரேஷன் கடையிலகூட வைக்கிறோமே சார்” என்று ஒரு குரல் நிச்சயம் வரும். வரட்டும். அரிசி வாங்க வைக்கும் ரேகைக்கும், குற்றம் நடக்கும் முன்பே பட்டியலில் ஏற்ற வாங்கிய ரேகைக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகளையே பேச விடுங்கள். ஒரு பீரியடு அதிலேயே போய்விடும், போகட்டும். ஆனால் பிள்ளைகளின் விரலை மையில் தொட வைக்காதீர்கள். போலீஸ் வேடம், கைதி வேடம் என்று நாடகம் போடும் ஆசையும் வேண்டாம். தாத்தா பட்ட அவமானத்தைப் பேரனை நடித்துக் காட்டச் சொல்வது பாடம் ஆகாது.

அடுத்து பள்ளிக்கூடம். 1911 சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு: பதிவு செய்யப்பட்டவர்களின் 6 வயதுக்கு மேல் 18க்குள் இருக்கும் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்க அரசுக்கு அதிகாரம். இங்கே கனடாவைக் கொண்டு வரலாம். அங்கே பூர்வகுடிப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,50,000 பேரை உறைவிடப் பள்ளிகளில் தள்ளி, தாய்மொழி பேசினால் அடித்தார்கள். 2008இல் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் 94 பரிந்துரைகள் தந்தது. இந்த வரலாற்றை எல்லா வகுப்பிலும் கட்டாயப் பாடமாக்குவது அதில் ஒன்று.

ஆனால் ‘அங்கே நடந்ததுதான் இங்கேயும்’ என்று கரும்பலகையில் சமக்குறி போட்டுவிடாதீர்கள். இங்கே கதை வேறு. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட இறந்தவர்கள் 16 என்பார்கள் சிலர், 17 என்பார்கள் சிலர். இந்த வேறுபாட்டையும் வகுப்பில் சொல்லுங்கள். ஆதாரத்தை எப்படி எடைபோடுவது என்று கற்றுக்கொள்ள நல்ல வாய்ப்பு. அதே காலத்தில்தான் கள்ளர் சீரமைப்புத் திட்டமும் வந்தது: கூட்டுறவுச் சங்கம், நிலம், கிணறு, பள்ளி. கண்காணிப்போடு சேர்ந்து வந்த பள்ளிதான். ஆனால் பெரும்பாலும் ஊருக்குள்ளேயே, தமிழிலேயே நடந்தது. இன்று மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் ஏறத்தாழ 300 இருக்கின்றன. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். கனடாவில் உறைவிடப் பள்ளியை நினைத்து அழுகிறார்கள். இங்கே பள்ளியை எங்களிடமிருந்து எடுக்காதே என்று போராடுகிறார்கள். இந்த முரணை மழுப்பினால் பிள்ளைகள் உங்களை நம்ப மாட்டார்கள்.

வகுப்பறை எச்சரிக்கைகளும் சில உண்டு. “உங்களில் யாரெல்லாம் அந்தச் சமூகம்?” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். ‘குற்றப்பரம்பரையினர்’ என்று ஆட்களைச் சொல்லாமல், ‘அந்தச் சட்டத்தில் பதிவு செய்யப்பட்டவர்கள்’ என்று சொல்லிப் பழகுங்கள். இன்றைய அரசுச் சொல் சீர்மரபினர். எதிர்ப்பக்கத்து ஆபத்தும் இருக்கிறது: பாடம் முடிந்த மறுநாள் அது சாதிப் பெருமை ரீல்ஸாக மாறும். அதற்கு மருந்து, கதையை முழுதாகச் சொல்வதுதான். 1896இல் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தார் பண்டு சேர்த்து, கூலி வாங்கி ஊர் காக்கும் கள்ளர் காவல் முறையை ஒழிக்கக் கிளம்பியதையும் சொல்லுங்கள். மதுரையில் இந்தச் சட்டத்தை எதிர்த்து நின்ற வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் செங்கன்னூரில் பிறந்த மலையாளக் கிறிஸ்தவர். கள்ளர் நாட்டு மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று கொண்டாடியதையும் சொல்லுங்கள். ‘காவல் கோட்டம்’ படித்துவிட்டுப் போவது நல்லது. ஆனால் அது நாவல், ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

பழைய பள்ளியாக இருந்தால் தலைமையாசிரியரின் பீரோவில் பழைய சேர்க்கைப் பதிவேடு இருக்கலாம். அவர் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். பெயரும் சாதியும் உள்ள பத்திகளை மூடிவிட்டு, எந்த ஆண்டு எத்தனை பெண்பிள்ளைகள் சேர்ந்தார்கள் என்று மட்டும் எண்ணச் சொல்லுங்கள்.

இந்தப் பாடத்துக்கு நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். ஏப்ரல் 3 தேர்வு நேரத்தில் விழும், யாரும் காது கொடுக்க மாட்டார்கள். சென்னை மாகாணம் 1947இலேயே சட்டத்தை நீக்கிவிட்டாலும், நாடு முழுவதும் நீங்கிய 1952 ஆகஸ்ட் 31 வசதியான நாள்.

மேல்நிலை மாணவர்களுக்கு ஒரு விவாதம் வையுங்கள். நீதிபதி சந்துரு குழு 2024இல் பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை எடுக்கச் சொன்னது. கள்ளர் அமைப்புகள், அது எங்கள் போராட்டத்தின் அடையாளம் என்று எதிர்த்தன. உங்கள் கட்சி எது என்று கேட்பார்கள். விவாதம் முடிந்த பிறகு சொல்லுங்கள். பெயர் நீங்கட்டும் என்று எழுதுகிறவனுக்கும், இருக்கட்டும் என்று எழுதுகிறவளுக்கும் ஆதாரத்தைப் பார்த்து மதிப்பெண் போடுங்கள்.