தக்காளிக்குச் செம்பு மருந்து

செம்புப் பாத்திரத்தில் புளிக்கரைசலை ஊற்றி இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். காலையில் விளிம்பில் பச்சையாகப் படிந்திருக்கும். அதைக் களிம்பு என்பார்கள். களிம்பு கலந்த சாப்பாட்டைச் சாப்பிட்டால் வாந்தி வரும். அதனால்தான் நம் பெரியவர்கள் பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே ஈயம் பூசினார்கள்.

குடத்தில் இருக்கும் செம்பு கெட்டியான உலோகம். புளிப்புப் பட்டால் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். கரைந்த செம்பு அளவு மீறினால் உயிருக்கு நஞ்சு. மனிதரைக் கெடுக்க அது கூடுதலாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பூசணத்தைக் கொல்ல மிகச் சிறிதளவே போதும். இந்தக் குணத்தை வைத்துத்தான் பயிருக்கு ஒரு மருந்து செய்கிறார்கள். அதன் பெயர் காப்பர் ஆக்சிகுளோரைடு. காப்பர் என்றால் செம்பு.

மதனப்பள்ளி தக்காளிக்குப் பெயர் போன ஊர். 2022 வரை அது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2023 ஜூலை மாதம் அந்தச் சந்தையில் தக்காளி கிலோ 100 ரூபாயையும் தாண்டி விற்றது. பறிக்கிற கூலிகூடக் கிடைக்காமல் சாலையோரம் கொட்டிய காலமும் உண்டு. விலை விவசாயி கையில் இல்லை. இலையையாவது காப்பாற்றலாம் அல்லவா?

மழையும் ஈரமும் தொடர்ந்தால் தக்காளிச் செடியின் அடி இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். உற்றுப் பார்த்தால் புள்ளிக்குள் வளையம் வளையமாகத் தெரியும். பிறகு இலை மஞ்சளாகிக் கருகி விழும். இது இலைக்கருகல் நோய். ஊறுகாய் மேல் படர்கிறதே பூசணம், அதன் இனத்தைச் சேர்ந்த ஒன்றுதான் இதற்குக் காரணம். அதன் வித்து தூசியைவிடச் சிறியது. காற்றில் பறந்து வரும். ஈரமான இலையில் விழுந்து முளைக்கும். வேர் விடுவதுபோல இலைக்குள் நுழையும்.

நுழைந்த பிறகு செம்பு மருந்தால் அதைத் தொட முடியாது. ஏன் என்று புரிய, மருந்து எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிய வேண்டும்.

சமையல் உப்பில் சோடியமும் குளோரினும் சேர்ந்திருக்கின்றன. அதே குளோரின் செம்போடு சேர்ந்தால் காப்பர் குளோரைடு கிடைக்கும். அது தண்ணீரில் சர்க்கரைபோலக் கரைந்துவிடும். அதை இலையில் தெளித்தால் பூசணத்தோடு இலையும் கருகிப் போகும். காப்பர் ஆக்சிகுளோரைடு அப்படி இல்லை. அதில் செம்பு, குளோரின், ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகிய நான்கும் இருக்கின்றன. அது நீலப்பச்சை நிறத் தூள். தண்ணீரில் கலங்கி நிற்குமே தவிர, கரையாது.

கரையாததுதான் இந்த மருந்தின் சிறப்பு. தெளித்த தூள் இலைமேல் மெல்லிய பூச்சாக ஒட்டிக்கொள்ளும். பனியோ மழையோ பட்டால் அதிலிருந்து மிகச் சிறிதளவு செம்பு மட்டும் கரைந்து வரும். அந்த ஈரத்தில் முளைக்கும் வித்து செம்பை உறிஞ்சிச் சாகும். இலைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இந்தப் பூச்சு இலைக்கு வெளியே மட்டும்தான் இருக்கும். வீட்டுக்குள் புகுந்துவிட்ட திருடனை வாசல் பூட்டு என்ன செய்யும்?

செம்பின் இந்தக் குணம் பரவலாகத் தெரிந்ததே ஒரு திருட்டுப் பயத்தால்தான். பிரான்சு நாட்டில் போர்டோ பகுதியில் திராட்சைத் தோட்டங்கள் நிறைய உண்டு. வழியில் போகிறவர்கள் பழத்தைப் பறித்துத் தின்றார்கள். அதைத் தடுக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளித்து வைத்தார்கள். மயில்துத்தமும் ஒரு செம்பு உப்புதான். 1882இல் மில்லார்டே என்ற பேராசிரியர் அந்த வழியாகப் போனார். தோட்டம் முழுக்க நோய் தாக்கியிருந்தது. சாலையோரக் கொடிகள் மட்டும் பச்சையாக நின்றன! அவர் ஆராய்ந்து 1885இல் அதை உலகுக்குச் சொன்னார். அதுதான் போர்டோ கலவை. இன்றும் பயன்படுகிறது. அதை நாமே காய்ச்சல் பார்த்துக் கலக்குவதுபோலச் சரிபார்த்துக் கலக்க வேண்டும். காப்பர் ஆக்சிகுளோரைடில் அந்த வேலை இல்லை.

இதற்கு 40 ஆண்டுகளுக்கு முன், 1845இல், அயர்லாந்தில் உருளைக்கிழங்கைக் கருகல் நோய் அழித்தது. பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். அதே நோய் தக்காளியையும் தாக்கும். அன்று போர்டோ கலவை இன்னும் வரவில்லை.

இனி கடைக்குப் போவோம். "அண்ணா, தக்காளி இலை எல்லாம் சுருண்டு போச்சு. ஏதாவது மருந்து கொடுங்க" என்று ஒரு பெண் கேட்கிறார். கடைக்காரர் செம்பு மருந்தை எடுத்து நீட்டுகிறார். இது சரியா? இல்லை. இலைச்சுருள் நோய்க்கு வைரஸ் காரணம். வெள்ளை ஈ அதைப் பரப்புகிறது. செம்பு மருந்து அதற்குக் கேட்காது. பணம்தான் வீண். கருகிய இலையா, சுருண்ட இலையா என்று முதலில் பாருங்கள். இரண்டு இலைகளைப் பறித்துக் கையில் கொண்டுபோனால் இன்னும் நல்லது. எலுமிச்சையில் வரும் சொறி நோய்க்கு பாக்டீரியா காரணம். அதையும் செம்பு தடுக்கும். கூடூர்ப் பக்கத்து எலுமிச்சை விவசாயிகளுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும்.

பாக்கெட்டில் '50 டபிள்யூ.பி.' என்று அச்சிட்டிருக்கும். தண்ணீரில் கலக்கும் தூள் என்று அதற்குப் பொருள். பொதுவாக 1 லிட்டர் தண்ணீருக்கு இரண்டரை முதல் 3 கிராம். 10 லிட்டருக்கு 25 முதல் 30 கிராம். 16 லிட்டர் டேங்குக்கு 40 முதல் 48 கிராம். பயிருக்குப் பயிர் அளவு மாறலாம். எனவே லேபிளைப் படித்து அதன்படி செய்யுங்கள். 'கை நிறைய' என்பது ஓர் அளவு அல்ல. கூடிப்போனால் இலை கருகும்.

முதலில் கொஞ்சம் தண்ணீரில் தூளைக் குழைத்து, பிறகு மீதித் தண்ணீரை ஊற்றுங்கள். தூள் அடியில் படியும். அதனால் டேங்கை அடிக்கடி குலுக்க வேண்டும். இலையின் மேலும் கீழும் படும்படி தெளியுங்கள். பலத்த மழை பெய்தால் பூச்சு கழுவிப் போகும். மறுபடி தெளிக்க வேண்டும். புளிப்புத் தன்மையுள்ள மருந்தோடு இதைக் கலக்காதீர்கள். புளி செம்பைக் கரைத்தது நினைவிருக்கிறதா? இங்கேயும் அதே கதைதான்.

பாக்கெட்டில் ஒரு முக்கோணம் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். இந்த மருந்தில் பொதுவாக நீல முக்கோணம் இருக்கும். நீலம் என்றாலும் நஞ்சு நஞ்சுதான். கையுறை போடுங்கள். மூக்கு, வாயை மூடிக்கொள்ளுங்கள். காற்றடிக்கும் திசைக்கு எதிரே நின்று தெளிக்காதீர்கள். வெறுங்கையால் கலக்கிவிட்டு, அதே கையால் வெற்றிலை போடுவது பல ஊர்களில் நடக்கிறது. அது மிகவும் ஆபத்து. கடைசியாகத் தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்பதும் லேபிளிலேயே இருக்கும்.

டேங்கு கழுவிய தண்ணீரை ஏரியிலோ கால்வாயிலோ விடக் கூடாது. மீன்கள் சாகும். செம்பு மக்கி அழியாது. ஆண்டுக்கணக்கில் மண்ணிலேயே தங்கும். தேவை இல்லாமல் தெளித்துக்கொண்டே இருந்தால் மண்புழுவுக்கும் கேடு.

கண்ணில் பட்டால் கால் மணி நேரம் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காதீர்கள். 108க்குச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்துப் பாக்கெட்டையும் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள். டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் நஞ்சுத் தகவல் மையத்தை 1800 116 117 என்ற எண்ணில் இலவசமாகக் கேட்கலாம். பயிர்ச் சந்தேகங்களுக்குக் கிசான் கால் சென்டரின் எண் 1800 180 1551.